படுக்கை சைக்கிளுக்கு குண்டு டயர்: பிக் ஆப்பிள் ஆறு மாசம் ஓட்டினதுல தெரிஞ்சுது

நான் இருக்கறது நெதர்லாந்துல, ஐந்தோவன் பக்கம். போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரிகம்பண்ட் வாங்கினேன், இங்க அதுக்கு பேரு லிக்ஃபீட்ஸ், நம்ம பாஷைல சொன்னா படுக்கை சைக்கிள். நல்லா சாஞ்சுக்கிட்டு கால முன்னாடி நீட்டி மிதிக்கணும், முன் சக்கரம் 20 இஞ்ச், பின்னாடி 26. முதுகு வலிக்காக வாங்கினது, முதுகு வலி ரெண்டே வாரத்துல போயிடுச்சு, ஆனா தலை ஆட ஆரம்பிச்சுது. நெஜமாவே ஆடுது. இங்க ஊருக்குள்ள தெருவெல்லாம் கிளிங்கர்ஸ்னு செங்கல் பதிச்சிருப்பாங்க, அதுல போனா கண்ணாடி மூக்குல குதிச்சு எதிர்ல வர்றவன் மூஞ்சியே ரெண்டா தெரியும்.

சாதா சைக்கிள்ல குழி வந்தா என்ன பண்ணுவோம், லேசா சீட்ட விட்டு எந்திரிப்போம், முட்டி மடங்கி அடிய வாங்கிக்கும். இதுல எந்திரிக்கவே முடியாது, முதுகு மொத்தமும் சீட்ல ஒட்டிக்கிட்டு இருக்கு, ரோட்டுல இருக்கற ஒவ்வொரு செங்கலும் டயர் வழியா ஃப்ரேம் வழியா நேரா மண்டைக்கு வருது. என் வண்டில சஸ்பென்ஷனும் கிடையாது, ஆக டயர்தான் சஸ்பென்ஷன். பழைய ஓனர் 28 மில்லி டயர் மாட்டி 7 பார் காத்து அடிச்சு ஓட்டிட்டு இருந்திருக்கார், அதான் 100 பிஎஸ்ஐ. நானும் அதேதான் அடிச்சேன், ஏன்னா நமக்கு சின்ன வயசுலயே பழகினது அப்படி. சைக்கிள் கடை அண்ணன் கட்டவிரலால அமுக்கிப் பாப்பார், கல்லு மாதிரி இருந்தாதான் "போ தம்பி"ம்பார்.

சரி குண்டு டயர் மாத்துவோம்னு தேடினா இந்த வண்டிக்குன்னு தனியா யாரும் பெருசா டயர் செய்யறதில்ல. அது ஒரு பழைய பஞ்சாயத்து. 1933ல ஃப்ரான்சிஸ் ஃபோர்ங்கற ஃப்ரெஞ்சுக்காரர் படுக்கை சைக்கிள்ல ஒரு மணி நேரத்துல 45 கிலோமீட்டருக்கு மேல ஓட்டி ரெக்கார்ட முறியடிச்சார், அடுத்த வருஷமே சைக்கிள் ரேஸுக்கு விதி போடற சர்வதேச சங்கமான யூசிஐ இதெல்லாம் சைக்கிளே இல்லன்னு ரேஸ்ல இருந்து தூக்கிட்டாங்க. ரேஸ் இல்லன்னா மார்க்கெட் ஏது. அதனால பிஎம்எக்ஸ்ங்கற சாகச சைக்கிள், மடக்கு சைக்கிள்னு வர்ற 20 இஞ்ச் டயர்லதான் நாமளும் பொறுக்கணும். அங்கதான் ஏமாந்தேன். 20 இஞ்ச்னு போட்டிருந்தத நம்பி ஆன்லைன்ல வாங்கினா அது 451, என் ரிம் 406. ரெண்டுக்கும் பேரு 20 இஞ்ச்தான், ஆனா டயர் ரிம்ல போய் உக்கார்ற விட்டத்துல 45 மில்லி வித்தியாசம், மாட்டினா ரிம்ம சுத்தி வளையல் மாதிரி தொங்குது. ரிட்டர்ன் அனுப்பற செலவும் நம்ம தலைல. டயர் சைடுல 50-406 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், முதல்ல அகலம், அப்பறம் ரிம். அத மட்டும் பாத்து வாங்குங்க, இஞ்ச் கணக்க நம்பாதீங்க.

கடைசில வாங்கினது ஷ்வால்பே கம்பெனியோட பிக் ஆப்பிள் டயர், முன்னாடி 50-406, பின்னாடி 50-559. கைல எடுத்தா மொபெட் டயர் மாதிரி இருக்கு, என் வீட்டுக்காரி பாத்துட்டு "பால்காரர் வண்டிக்கா"ன்னு கேட்டா. சைடுல ரிஃப்ளெக்டர் பட்டை வர்றது ஒரு நிம்மதி, இந்த ஊர்ல சக்கரத்துல ரிஃப்ளெக்டர் கட்டாயம், அதுவும் இவ்ளோ தாழ்வா போற வண்டிக்கு சொல்லவே வேணாம்.

இப்ப காத்து. சைடுல போட்டிருக்கற மேக்ஸிமம் 5 பார், அது தாண்டக்கூடாத அளவு, அடிக்க வேண்டிய அளவு இல்ல. இது எனக்கு நாப்பது வயசுல தெரிஞ்சுது. அமெரிக்கால ஃப்ராங்க் பெர்டோன்னு ஒருத்தர் இதையெல்லாம் அளந்து சார்ட் போட்டிருக்கார், ஆள் ஏறி உக்காந்தா டயர் அதோட உயரத்துல 15 சதவீதம் அமுங்கணும், அந்த அளவுக்கு காத்து போதும்ங்கறதுதான் சாரம். அதுக்கு ஒவ்வொரு சக்கரத்துலயும் எத்தன கிலோ வருதுன்னு தெரியணும். பாத்ரூம் வெயிட் மிஷின முன் சக்கரத்துக்கு கீழ வச்சு, பின் சக்கரத்துக்கு அதே உயரத்துக்கு ஒரு பலகை, நான் சுவத்த புடிச்சுக்கிட்டு படுத்திருக்கேன், அவ குனிஞ்சு பாத்து "ஏங்க ஆடாதீங்க, முள்ளு நிக்க மாட்டேங்குது"ன்னு கத்தறா. முன்னாடி 46 கிலோ, பின்னாடி 61. நான் 84, வண்டி 17, பை 6, கணக்கு சரியா வந்துச்சு.

ஸ்கேல் வச்சு ரிம் ஓரத்துல இருந்து தரை வரைக்கும் அளந்தேன், வெறும் வண்டில 46 மில்லி, நான் ஏறினதும் 39 வர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா காத்த எறக்கினேன். முன்னாடி 2.5 பார்லயும் பின்னாடி 3.2லயும் வந்து நின்னுச்சு. சந்தேகமாதான் இருந்துச்சு, கட்டவிரல் வச்சா பதியுது, கடை அண்ணன் பாத்தா திட்டுவார். ஆனா அதே செங்கல் ரோட்டுல போனேன், கண்ணாடி மூக்குலயே இருந்துச்சு. அவ்ளோதான் வேணும் எனக்கு.

பேராசைல முன்னாடி 1.8க்கு எறக்கினேன், அது தப்பு. வளைவுல சாயும்போது டயர் நெளியுது, ஹேண்டில் ஒரு பக்கம் போக சக்கரம் யோசிச்சு போற மாதிரி, இந்த வண்டில முன் சக்கரம் வழுக்கினா கால ஊனவும் நேரம் இருக்காது, இடுப்புலதான் விழணும். திரும்ப 2.5.

வேகம் கொறஞ்சிடுமேன்னு பயம் இருந்துச்சு. மொத நாள் மீட்டர்ல எப்பவும் 25 காட்டற இடத்துல 23தான் காட்டுச்சு, செத்தோம்னு நெனச்சேன். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, மீட்டர் சென்சார் முன் சக்கரத்துல இருக்கு, பழைய டயர் சுத்தளவு 1450 மில்லி, இது 1590, மீட்டர்ல மாத்தவே இல்ல. மாத்தினதும் அதே 25. கால்வாய் ஓரமா ஹெல்மோண்ட் வரைக்கும் ஆஃபீஸ் போற 15 கிலோமீட்டருக்கு முன்ன ஆன நேரம்தான் இப்பவும் ஆகுது, எதிர்காத்து அடிச்சா மட்டும் மாறும், அதுக்கு டயர் என்ன பண்ணும்.

இனி கொற. டயர் பெருசானதுல முன் சக்கரம் சுத்திலும் 22 மில்லி வெளிய வந்துடுச்சு, மெதுவா போய் முழுசா திருப்பினா குதிகால் டயர்ல உரசுது. மொத வாரம் ஒரு ஷூ ஓரம் தேஞ்சே போச்சு. இப்ப திரும்பும்போது மிதிக்கறத நிறுத்திடறேன், பழகிடுச்சு, ஆனா உங்க வண்டில பெடல் சக்கரத்துக்கு ரொம்ப கிட்ட இருந்தா 40 மில்லிக்கு மேல போகாதீங்க. மட்கார்டும் இடிச்சுது, கம்பிய கழட்டி ஓட்டைய தள்ளிப் போட்டு ஒரு சனிக்கிழமை முழுசா போச்சு.

டியூப் விஷயமும் சொல்லிடறேன். இங்க சாதா சைக்கிள்ல நம்மூர் மாதிரியே டன்லப் வால்வ்தான் நெறைய, என் பழைய டியூபும் அதான், அதுல கேஜ் வச்சா ஒழுங்கா காட்டாது, பம்ப்போட முள்ள நம்பி ஏமாறணும். கார் வால்வ் டியூப் அதே ரிம் ஓட்டைல போகும், அதுக்கு மாத்தினேன். அரை பாருக்கு இவ்ளோ மெனக்கெடற ஆளுக்கு இது இல்லாம வேலைக்கு ஆகாது.

பஞ்சர் ஆறு மாசத்துல ஒண்ணு, முள்வேலிய வெட்டி விட்டிருந்த ரோட்டுல, பின் சக்கரம். பஞ்சரே ஆகக்கூடாதுன்னா அதே கம்பெனில மராத்தான் பிளஸ் இருக்கு, உள்ள 5 மில்லிக்கு ரப்பர் பட்டை, கனமும் அதுக்கேத்த மாதிரி. வழவழன்னு இருக்கற கோஜாக் நல்ல தார் ரோட்டுக்கு. எனக்கு செங்கல் ரோடு, அதனால இதுதான்.

குளிர் வந்தாச்சு, ஒண்ணு கவனிங்க. ஹால்ல 20 டிகிரில வச்சு 2.5 அடிச்சிட்டு வெளிய 0 டிகிரிக்கு எடுத்துட்டுப் போனா கிட்டத்தட்ட கால் பார் தானா எறங்கிடும். நான் இப்ப பம்ப்ப வெளில ஷெட்லயே வச்சிருக்கேன், கைதான் வெறைச்சுப் போகுது.