வாடகை வீட்டுக்கு ஈயப் பெயிண்ட் சான்றிதழ்: நான் அமர்த்திய பரிசோதனைச் சேவை

வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. அதன் கதவுகளுக்கும் சன்னல் கம்பிகளுக்கும் பல பொங்கல்களாக எனாமல் மேல் எனாமலாக ஏறியிருக்கிறது. குடிவர இருந்த குடும்பத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதை அறிந்ததும், பெயிண்டில் ஈயம் உண்டா என்று சோதித்துச் சான்றிதழ் தரும் தனியார் சேவை ஒன்றை அமர்த்தினேன். விழுங்கிய ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம் ஈர்த்துக்கொள்ளும் என்பதால், சாவியைக் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், தாம் அறிந்த ஈயப் பூச்சு விவரத்தைக் குடிவருபவரிடம் தெரிவித்தாக வேண்டும். இங்கே 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் அது விற்பனைக்கு வரும் டப்பாவுக்குத்தான், நம் கதவில் என்றோ ஏறிவிட்ட பூச்சுக்கு அன்று.

அவர்களிடம் இரண்டு வழிகள் இருந்தன: ஒரு துண்டைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்று, எக்ஸ் கதிரால் ஈயத்தைக் கண்டறியும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை ஒவ்வொரு பரப்பிலும் வைத்துப் பார்ப்பது மற்றொன்று. கட்டணம் குறைவு என்று முதலாவதைத் தேர்ந்தேன், அது தவறு. வந்தவர் கூடத்துச் சுவரில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அடித்த எமல்ஷனை மட்டும் சுரண்டிப் போனார். வந்த சான்றிதழோ வீடு முழுவதும் ஈயமற்றது என்றது. சன்னல் திட்டில் உதிர்ந்து கிடந்த, கட்டை விரல் நகமளவு சில்லை எடுத்துப் பார்த்தேன்: விளிம்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஐந்து அடுக்குகள். பழைய மஞ்சள் எனாமலுக்கு நிறம் தந்தது பெரும்பாலும் ஈயக் குரோமேட்.

அந்தச் சில்லைக் காட்டியதும், கூடுதல் கட்டணம் கேட்காமல் கருவியுடன் மறுபடி வந்தார்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இரண்டாம் அறிக்கையில் பரப்பு, அளவு, தேதி, படம் எல்லாம் அறைவாரியாக இருந்தன. சுவர்களில் ஈயம் இல்லை. சன்னல் கம்பிகளிலும் பூசையறைக் கதவிலும் இருந்தது. ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று அவர்கள் சொன்ன யோசனையை யாரும் கேட்க வேண்டாம்: உலரத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் படியும். நான் தரையில் பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து நனைத்தே சுரண்டச் செய்தேன்.

இவர்களை அழைப்பவர்கள் நேராகக் கருவிப் பரிசோதனையையே கேளுங்கள். துண்டுதான் என்றால் மரம் தெரியும்வரை எல்லா அடுக்கும் சேர வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையின் நகலை வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கொடுத்தேன். குழந்தையின் தாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் சன்னலாகச் சரிபார்த்த பிறகே அட்வான்ஸைக் கொடுத்தார்.