க்ளூவைன் மசாலான்னு சர்க்கரைக் கட்டிக்கும் பட்டைச் சில்லுக்கும் 168 யூரோ அழுதாச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

168 யூரோ. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், அப்புறம் எழுதினா மரியாதையா எழுதிடுவேன்.

ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கோம். பொண்ணு போற கிண்டர்கார்டன்ல அட்வென்ட் பஜார், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்ல போடற சந்தை, வருது. பெற்றோர் கடையில பெரியவங்களுக்கு க்ளூவைன் (மசாலா போட்டுச் சூடாக்கின வைன்), பசங்களுக்கு அதே மசாலா போட்ட ஆப்பிள் ஜூஸ் பஞ்ச், வீட்டுக்கு எடுத்துட்டுப் போக 50 கிராம் மசாலாப் பொட்டலம். மீட்டிங்ல எல்லாரும் ஒரே குரலா, "நீங்க இந்தியா, மசாலா உங்க பொறுப்பு"ன்னுட்டாங்க. சூப்பர்மார்க்கெட்ல இதுக்கு டீ பேக் மாதிரி பைதான் கிடைக்கும், உள்ள என்ன பொடின்னு கண்ணுக்கே தெரியாது. பொட்டலத்துல முழுசு முழுசா பட்டை, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல் தெரியணும்னு கமிட்டிக்கு ஆசை. அதனால 3 கிலோ வேணும்: பானைக்கு ஒண்ணு, பொட்டலத்துக்கு ரெண்டு.

ஆன்லைன்ல யார் வேணும்னாலும் விக்கலாம்ங்கிற மாதிரி ஒரு தளம். பேர் சொல்லல. அதுல ஒரு விளம்பரம்: "கையால் கலந்தது, ஆர்கானிக், சிலோன் பட்டை, முழு மசாலா". கிலோ 56 யூரோ. போட்டோவுல சுருட்டு மாதிரி மெல்லிசா அடுக்கடுக்கா சுருண்ட பட்டை. அது சிலோன் பட்டையேதான், அதுல சந்தேகம் இல்ல. போட்டோ மட்டும்தான் சிலோன்னு அப்புறம்தானே தெரியுது.

நான் நம்பினது விளம்பரத்தை இல்ல, அந்த ஆள் பேசின விதத்தை. எத்தனை லிட்டர் வைன்னு அவரே கேட்டார். லிட்டருக்குப் பத்து கிராம் போதும், அதுக்கு மேல போட்டா கிராம்பு தூக்கலா போயிடும்னு கணக்குச் சொன்னார். கிண்டர்கார்டனுக்குன்னு சொன்னதும், "பசங்க குடிக்கிறதா? அப்ப கண்டிப்பா சிலோன்தான் போடணும், காசியா கூடாது, அதுல கூமரின் அதிகம்"னார். காசியான்னா தடிமனான மலிவுப் பட்டை, கூமரின்னா அதுல இயற்கையா இருக்கிற, அதிகமானா ஈரலுக்கு ஆகாத ஒரு பொருள். எனக்கே பாடம் எடுத்தார்! சொன்னதும் உண்மை. இங்க பெடரல் இடர் மதிப்பீட்டு நிறுவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் கூமரின்தான்னு அளவு சொல்லியிருக்கு, சின்னப் பசங்க எடைக்கு அது சீக்கிரம் தாண்டிடும். இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் ஏமாத்துவானான்னு தோணுமா தோணாதா? ஒரு பெரிய பாத்திரத்துல கையை விட்டுக் கலக்கிற வீடியோ வேற அனுப்பினார். கடைசியில, "தளத்து வழியா பணம் வந்தா பத்து நாள் முடக்கி வச்சுடறாங்க, சரக்கு பஜாருக்கு வந்து சேராது, நேரா அக்கவுண்ட்டுக்குப் போட்டுடுங்க"ன்னார். போட்டாச்சு. 168 யூரோ.

பார்சல் வந்துச்சு. வெள்ளிப் பை, மேல பேனாவால "க்ளூவைன்"னு மட்டும் எழுதின ஸ்டிக்கர். என்னென்ன பொருள், எப்ப வரைக்கும் நல்லாருக்கும், யார் தயாரிச்சது, ஒண்ணும் கிடையாது. பிரிச்சதும் ரூம் ஸ்ப்ரே அடிச்ச மாதிரி குப்புன்னு ஒரு ஆரஞ்சு வாசனை. தாம்பாளத்துல கொட்டிப் பார்த்தேன். கூழாங்கல் பதத்துல சர்க்கரைக் கட்டி, பாதிக்குப் பாதி அதுதான். பட்டைன்னு இருந்தது தடிமனா, ஒரே அடுக்கா, உடைஞ்ச சில்லு. அன்னாசிப்பூவுல எட்டு இதழோட ஒண்ணுகூட இல்ல, எல்லாம் கருத்த ஒடிசல். கிராம்புல முக்கால்வாசிக்குத் தலையே இல்ல, காம்புதான். நல்ல கிராம்பை நகத்தால அழுத்தினா எண்ணெய் கசியும், தண்ணியில போட்டா மூழ்கும், இல்லன்னா தலை மேல் பக்கமா இருக்க, செங்குத்தா மிதக்கும். இது குச்சி மாதிரி படுத்துக்கிட்டு மிதந்துச்சு. எண்ணெயை ஏற்கெனவே எடுத்துட்ட சக்கை. சரி, வைன்ல எப்படித்தான் வருதுன்னு ஒரு கரண்டி போட்டுப் பார்த்தா வைன் கலங்கி, அடியில சேறு மாதிரி மண்டி, நாக்குல மரக்கசப்பு.

எங்க வழக்கமான இலங்கைக் கடை அக்காகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு துண்டை எடுத்துக் கடிச்சுப் பார்த்துட்டு, "தம்பி, இது கறுவாவே இல்லை, யார் உங்களுக்கு இதை வித்தது?" அவ்வளவுதான் கேட்டாங்க. நல்ல பட்டையைத்தான் அவங்க ஊர்ல கறுவாம்பாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது.

அந்த ஆள்கிட்ட கேட்டதுக்கு வந்த பதில்களைக் கேளுங்க. முதல் பதில்: "இயற்கைப் பொருள், ஒவ்வொரு முறையும் மாறும்." சர்க்கரையும் மரத்துலயா காய்க்குது? அடுத்தது: "நீங்க சரியா கொதிக்க வைக்கல, அரை மணி நேரம் நல்லா கொதிக்கட்டும்." க்ளூவைனைக் கொதிக்க விடவே கூடாதுன்னு இங்க சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். கொதிச்சா ஆல்கஹால் வேகமா ஆவியாயிடும், மசாலாவும் கசந்துடும். மூணாவது: "பையைப் பிரிச்சுட்டீங்க, சுகாதாரக் காரணத்தால திருப்பி எடுக்க முடியாது." பிரிக்காம எப்படிங்க பார்க்கறது? கடைசியா: "நான் தனிநபர் விற்பனையாளர், ரிட்டர்ன் கிடையாது." விளம்பரத்துல "எங்கள் பட்டறை"ன்னு போட்டிருந்த அதே ஆள்! கம்பெனின்னா ஆன்லைன் விற்பனைக்கு 14 நாள் வாபஸ் உரிமை உண்டு, தனிநபர்னா இல்ல. விக்கும்போது பட்டறை, கேக்கும்போது தனிநபர். அதோட பிளாக் பண்ணிட்டார்.

தளத்துக்கு எழுதினா முதல்ல இயந்திரம் பேசுச்சு. அப்புறம் ஒரு ஆள் வந்து, "கட்டணம் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்துள்ளது, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்." அவர்தான் பிளாக் பண்ணிட்டாருன்னு எழுதினேன். புகார் முடிக்கப்பட்டதுன்னு மெயில் வந்துச்சு, கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீங்கன்னு ஒரு கேள்வி. பேங்க்ல, பணம் அந்த அக்கவுண்ட்ல சேர்ந்தாச்சு, நாங்க இழுக்க முடியாதுன்னுட்டாங்க. போலீஸ் ஆன்லைன் புகார் போட்டிருக்கேன். ஊர் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கும் போட்டோவோட எழுதியாச்சு, பசங்க வாயில போக இருந்த சரக்காச்சே. அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கு. விலை மட்டும் கிலோவுக்கு 59 ஆயிடுச்சு.

பாட்டில்ல அடைச்ச க்ளூவைனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துல எவ்வளவு கண்டிப்பு தெரியுமா? பட்டையோ கிராம்போதான் முக்கிய மணமா இருக்கணும், ஆல்கஹால் 7 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தண்ணி ஊத்தி நீட்டக் கூடாது. மசாலாக் கலவைன்னு வந்தா எது எவ்வளவுன்னு கலக்கிறவன் இஷ்டம்.

விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், நேரம் இல்ல. பொருள் பட்டியல் இல்லாத மசாலாவை வாங்காதீங்க. பட்டியல் எடை வரிசையில இருக்கணும், முதல்லயே சர்க்கரைன்னு இருந்தா நீங்க வாங்கறது சர்க்கரை. ஆர்கானிக்னு சொன்னா ஐரோப்பிய ஒன்றியத்தோட பச்சை இலை முத்திரையும் அதுக்குக் கீழ கட்டுப்பாட்டு நிறுவன எண்ணும் கேளுங்க. பணத்தைத் தளத்துக்கு வெளிய அனுப்பச் சொன்னா பேச்சை அங்கேயே நிறுத்துங்க. பொடியா வாங்கவே வாங்காதீங்க.

நான் அக்கா கடையிலயே முழுப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ வாங்கிட்டேன். லிட்டருக்கு ரெண்டு பட்டை, அஞ்சாறு கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், கொதிக்காத சூட்டுல மூடி வச்சா போதும். தோலுக்கு மருந்தடிக்காத ஆரஞ்சா பார்த்து வாங்குங்க. சனிக்கிழமை பஜார், எங்க வீட்டுத் தோல் இன்னும் ஹீட்டர் மேல காஞ்சுக்கிட்டு இருக்கு, போய்ப் புரட்டிப் போடணும்.