பிஎஸ்5-ஐ டிவியில் மாட்டி நாலு வருஷம்: என் அனுபவம்

இந்தியாவில் சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு அது வந்தது அந்த வருஷ தீபாவளிக்கு. 55 அங்குல 4கே டிவி ஏற்கெனவே சுவரில் இருந்தது. பெட்டியோடு வந்த ஒன்றரை மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிளைக் கைக்கு எட்டிய போர்ட்டில் சொருகினேன். படம் பளிச்சென்று வந்தது. வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் சரியாக மாட்டி முடிக்க ஆறு மாதம் ஆனது.

முதல் குறையைக் கண்டுபிடித்தவன் தம்பி. கிரிக்கெட் கேம் ஆடிக்கொண்டிருந்தான். "அண்ணே, நான் கரெக்டாத்தான் அமுக்குறேன், பேட்டுதான் லேட்டா வருது" என்றான். புதுக் கன்ட்ரோலர், பழகினால் சரியாகும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நானே நாலு ஓவர் ஆடிப் பார்த்தபோது அவன் சொன்னது நிஜம் என்று புரிந்தது.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய சுமார் அரை நொடிதான் ஆகும். நம் டிவியோ வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் பிடித்து வைத்து, கூர்மையாக்கி, அசைவை வழவழப்பாக்கி, அதற்குப் பிறகுதான் திரையில் காட்டுகிறது. அதில் 0.1 நொடி போனாலே பந்தைப் பார்த்து அடிக்கக் கிடைக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. படம் பார்க்கும்போது ஒலியையும் டிவி அதற்கேற்பத் தாமதப்படுத்திவிடுவதால் நமக்குத் தெரியாது. பட்டன் அமுக்குகிற விரலுக்குத்தான் தெரியும். டிவியின் பிக்சர் மெனுவில் 'கேம் மோடு' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இந்த மெருகு வேலைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். போட்ட அன்று ராத்திரி தம்பி அடித்த முதல் கவர் டிரைவ் பேட்டின் நடுவில் பட்டது. இரண்டு பேரும் பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் கேம் மோடை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போர்ட். எங்கள் டிவியில் நான்கு ஹெச்டிஎம்ஐ இருக்கின்றன. 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 தடவை, வாங்கக்கூடியவை மூன்றாவதும் நான்காவதும் மட்டும். அதிலும் மூன்றாவதுதான் சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் இஏஆர்சி போர்ட். ஆக, கேமுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. நான் மாதக்கணக்கில் முதல் போர்ட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தேன். சரியான போர்ட்டுக்கு மாற்றினாலும் போதாது, டிவி மெனுவில் அந்தப் போர்ட்டின் சிக்னல் ஃபார்மேட்டையும் உயர்த்தி வைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. சரியாகிவிட்டதா என்று பார்க்க பிஎஸ்5-இன் செட்டிங்ஸில் 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால் போதும். என்ன ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் என்று அதுவே காட்டிவிடும்.

கன்சோலைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியதும் பழைய கேபிள் எட்டவில்லை. பக்கத்துக் கடையில் மூன்று மீட்டர் கேபிள் ஒன்று வாங்கினேன். 60 ஹெர்ட்ஸில் ஒரு குறையும் இல்லை. 120 ஹெர்ட்ஸ் கேம் போட்டால் மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை இரண்டு நொடி கறுத்துவிட்டு மறுபடி வரும். கன்சோல்தான் போய்விட்டதோ என்று பயந்தேன். விஷயம் இதுதான்: கடையில் வாங்கியது பழைய தரத்துக் கேபிள், நொடிக்கு 18 ஜிகாபிட் தகவலுக்குத்தான் சோதிக்கப்பட்டது, 4கே 120-க்கு அது பத்தாது. 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்று அச்சிட்ட, ஸ்கேன் செய்து சரிபார்க்கும் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டிய கேபிள் 48 ஜிகாபிட் வரை தாங்கும். ஆயிரத்துச் சொச்சம் ஆனது. அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் திரை கறுக்கவில்லை. தங்க முலாம் என்று சொல்லி ஐந்தாயிரத்துக்கு விற்பதையெல்லாம் தொட வேண்டாம்.

2022 ஏப்ரலில் வந்த அப்டேட்டில் விஆர்ஆர் கிடைத்தது, அதாவது கேம் படம் தரும் வேகத்துக்கேற்ப டிவி தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ளும் வசதி. டிவியும் ஆதரித்தால் போட்டுவிடுங்கள். படம் நடுவில் கிழிந்ததுபோல் தெரிவது எங்களுக்கு அதோடு நின்றது.

அம்மாவுக்கு இருந்த ஒரே புகார் வேறு. சீரியல் ஓடும்போது யாராவது தெரியாமல் கன்ட்ரோலரின் நடுப் பட்டனை அமுக்கிவிட்டால், கன்சோல் எழுந்து டிவியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். "முக்கியமான எடத்துலதான் ஒங்க கேம் வரணுமா?" என்பார். செட்டிங்ஸில் 'ஹெச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க்'கை அணைத்தேன், வீட்டில் அமைதி. ரிமோட்டில் இன்புட்டை மாற்ற எனக்கு இரண்டு நொடிதான் ஆகிறது.

பெரிய அடி வாங்கியது 2022 ஐப்பசி மழையில். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. மறுநாள் டிவியில் செட்டாப் பாக்ஸ் மாட்டியிருந்த ஹெச்டிஎம்ஐ செத்துக் கிடந்தது. தெருவில் கம்பம் கம்பமாகத் தொங்கி வரும் கேபிள் வயர் வழியாகத்தான் மின்னல் உள்ளே வந்திருக்கிறது என்றார் பழுது பார்க்க வந்தவர். கன்சோலின் பிளக்கையும் ஹெச்டிஎம்ஐயையும் முந்தின மாலையே கழற்றி வைத்திருந்ததால் அது தப்பியது. பவர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர், அது போதாது. செட்டாப் பாக்ஸ், டிவி, கன்சோல் மூன்றும் ஹெச்டிஎம்ஐயால் ஒன்றோடொன்று இணைந்தேதான் இருக்கின்றன. வானம் இருட்டினால் முதலில் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள், அப்புறம் மற்றதெல்லாம். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து நேராக எடுங்கள். கன்சோலின் போர்ட் ஆடிவிட்டால் அதைச் சாலிடர் செய்து மாற்றத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.