கிளான்சஸ்: கடை சர்வருக்கு நாடி பார்க்க

மதுரை கீழமாசி வீதி மொத்தக்கடை மூலையில் ஓடும் பழைய உபுண்டு பில்லிங் சர்வருக்கு, சிபியு, மெமரி, டிஸ்க் நிலையை ஒரே திரையில் காட்டும் கிளான்சஸ் என்ற இலவசக் கருவியே போதும். பெரிய கண்காணிப்பு ஏற்பாடெல்லாம் அங்கே யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஏற்ற ஒரே கட்டளைதான். ஆனால் வெறுமனே ஓடவிட்டால் கன்டெய்னர் தன் வயிற்றை மட்டும்தான் பார்க்கும்; பிராசஸ் பட்டியலில் ஒன்றிரண்டு வரிதான் வரும். பிஐடி நேம்ஸ்பேஸை (எந்தப் பிராசஸ்கள் தெரியும் என்ற எல்லையை) ஹோஸ்ட், அதாவது சர்வருடையதே, என்று கொடுத்தால்தான் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கண்ணில் படும். நெட்வொர்க்கும் அப்படியே, இல்லாவிட்டால் லேன் கார்டின் போக்குவரத்து தெரியாது.

வெப் முகப்பு போர்ட் 61208. இங்கேதான் பலர் சறுக்குவது: இயல்பாக பாஸ்வேர்டே கிடையாது. ஹோஸ்ட் நெட்வொர்க்கில் டாக்கரின் போர்ட் மேப்பிங் செல்லாது என்பதால், பைண்ட் முகவரியை (எந்த முகவரியில் இணைப்பை ஏற்பது என்பதை) கிளான்சஸ் ஆப்ஷனிலேயே 127.0.0.1, அதாவது அந்த சர்வருக்குள் மட்டும், என்று கட்டிவிட்டு எஸ்எஸ்ஹெச் டனல் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகப் பாருங்கள். டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளை போகும் வாசலை) ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தால் பத்திரம் என்பதும் பொய்த் தைரியம்தான். ஏபிஐ கட்டளைகள் அதன் வழியாகவும் போகும். மற்ற கன்டெய்னர்களைப் பார்க்க வேண்டாமென்றால் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

சிபியு சுமை ஏற ஏற முதலில் நீலம், பிறகு ஊதா, கடைசியில் சிவப்பு. பில் அடிக்கத் திணறும்போது சிபியு சும்மா இருந்து ஐஓவெயிட் (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) மட்டும் ஏறினால், ராம் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஹார்டு டிஸ்க்கைச் சோதியுங்கள்.

பெரிய குறை, நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டால் கையை விரிக்கும். அதற்கு இன்ஃப்ளக்ஸ்டிபி போன்ற ஒரு டேட்டாபேஸுக்குத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.