மனசாட்சி ஓட்டு: மூன்று ராஜினாமாக்களும் ஒரு தலைவியும்

1969 குடியரசுத் தலைவர் தேர்தல் என்றாலே, மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்ன இந்திரா காந்திதான் நினைவுக்கு வருவார். காங்கிரஸ் நிறுத்திய நீலம் சஞ்சீவ ரெட்டியை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். மனசாட்சி கொஞ்சம் தாமதமாக விழித்திருக்கிறது! சரி, நிஜமாகவே அதை வைத்து எடை போட்டிருந்தால் யார் தேறியிருப்பார்?

வேடிக்கை என்னவென்றால், முன்னணியில் இருந்த மூவருமே (காங்கிரஸின் ரெட்டி, இந்திரா ஆதரித்த சுயேச்சை வி.வி.கிரி, எதிர்க்கட்சிகள் ஆதரித்த சி.டி.தேஷ்முக்) ஒரு காலத்தில் பதவியை விட்டு இறங்கியவர்கள்.

வி.வி.கிரி 1954-இல் மத்திய தொழிலாளர் அமைச்சர். வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பில் அரசு கைவைத்ததும் விலகினார். நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் 1956-இல், பம்பாயை மகாராஷ்டிரத்தோடு சேர்க்காமல் தனியே வைக்கும் முடிவை ஏற்காமல் நேருவிடம் ராஜினாமா கொடுத்தார். ரெட்டி 1964-இல் ஆந்திர முதல்வர். கர்நூல் பேருந்துத் தட வழக்கில் உச்ச நீதிமன்றம் குறை சொன்ன பிறகு பதவி விலகினார். அதுவும் கௌரவமான செயல்தான், ஆனால் மற்ற இருவரை எந்த நீதிமன்றமும் நெருக்கவில்லை.

கிரியா தேஷ்முக்கா என்றால் எனக்குத் தேஷ்முக். அவரை ஆதரித்த சுதந்திராவும் ஜனசங்கமும் எனக்கு உவப்பான கட்சிகள் இல்லை என்றபோதும்.

ஆனால் அன்றைய எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இந்த ராஜினாமாக்களையா பார்த்தார்கள்? ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த கிரி. மறுநாளே விலகிக் களத்தில் இறங்கினார். அப்புறம் கிரிக்கு விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் இந்திரா மீதான மயக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். தி.மு.க. கிரி பக்கம் நின்றது. 1966-இல் இந்திராவைப் பிரதமராக்க முன்னின்ற காமராஜர் ரெட்டி பக்கம்.

மயக்கத்தின் விலை பின்னால் தெரிந்தது. 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டபோது, ரயில்வே தொழிற்சங்கத்தை வளர்த்த கிரிதான் ராஷ்டிரபதி பவனில் இருந்தார். தடுத்து நிறுத்த அவரால் முடியவில்லை.

வேட்பாளர்களுக்கு 1, 2 என்று எண் போடும் விருப்ப வரிசை ஓட்டில் மனசாட்சி, மயக்கம் இரண்டுக்குமே இடம் உண்டு: முதல் எண் மனசாட்சிக்கு, இரண்டாம் எண் அபிமானத்துக்கு. அன்றும் முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அடுத்த விருப்பங்களையும் எண்ணித்தான், ஓட்டு மதிப்பில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்று முடிந்தது. என் சீட்டில் 1 தேஷ்முக், 2 கிரி என்று எழுதியிருப்பேன். ரெட்டிக்கு எண்ணே கிடையாது. அவரோ 1977-இல் யாருடைய எண்ணும் தேவைப்படாமல், போட்டியின்றியே குடியரசுத் தலைவரானார்.