பட்டியலுக்குள் பட்டியல்: ஃபிளாட்மேப்பா, ஃபார்-யீல்டா, லென்ஸா?

ஒரு திட்டத்தில் பல குழுக்கள், குழுவுக்குள் உறுப்பினர்கள், ஒவ்வொருவரிடமும் பல பணிகள். இப்படி அடுக்கடுக்காக வரும் தரவை ஃபங்ஷனல் பாணியில் (இருக்கும் தரவை மாற்றாமல், ஃபங்ஷன்கள் வழியாகப் புதிதாக உருவாக்கும் பாணி) கையாள வழிகள் நிறைய உண்டு. எதை எடுப்பது? முடிவில் அந்த அடுக்கு நமக்குத் தேவையா என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுக்கு அப்படியே இருக்க வேண்டுமென்றால் மேப்புக்குள் மேப் (பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மீதும் ஒரு ஃபங்ஷனை ஓட்டிப் புதுப் பட்டியல் தருவது மேப்). இரண்டு மட்டம் வரை சரி. மூன்றாவதில் அடைப்புக்குறி எண்ணத் தொடங்கிவிடுவோம்.

பணிகளெல்லாம் ஒரே பட்டியலாகப் போதும் என்றால் ஃபிளாட்மேப்: மேப் செய்து, கிடைக்கும் பட்டியல்களை ஒன்றாக இணைத்துவிடும். ஸ்காலா, ஜாவா 8, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இதே பெயர். ஹாஸ்கெலில் கான்கேட்மேப், குளோஜரில் மேப்கேட். ஒரு தடவைக்கு ஒரு மட்டத்தைத்தான் இது தட்டையாக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பணியோடு குழுவின் பெயரும் வேண்டும் என்று வையுங்கள். ஃபிளாட்மேப்களைச் சங்கிலியாகக் கோத்தால், பணிக்கு வந்து சேரும்போது குழு கையில் இருக்காது. டியூப்பிளில் (சில மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய சிறு தொகுப்பில்) சுமந்துவர வேண்டும், அல்லது ஒன்றுக்குள் ஒன்றாக எழுத வேண்டும்.

ஒவ்வொரு மட்டத்தையும் ஒரு வரியாக எழுதி, முடிவை யீல்டில் தரும் ஸ்காலாவின் ஃபார்-யீல்ட் இங்கேதான் ஜெயிக்கிறது. வெளி மட்டத்து மாறிகள் கடைசி வரி வரை கிடைக்கும், நடுவில் ஒரு இஃப் போட்டு வடிகட்டலாம். கம்பைலர் இதை ஃபிளாட்மேப், மேப், வித்ஃபில்டர் என்றுதான் மாற்றுகிறது. அதனால் வேகத்துக்காக இதைத் தவிர்க்கக் காரணமில்லை. ஆனால் லிஸ்டுக்குள் ஆப்ஷனை (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று காட்டும் டைப்) ஏற்கும் அதே ஃபார், ஆப்ஷனுக்குள் லிஸ்ட் வந்தால் டைப் பிழை காட்டும். புதிதாக வருபவர்கள் இதில் திணறுவது நியாயமே. ஹாஸ்கெல், பைத்தான் காம்ப்ரிஹென்ஷன்களும் (பட்டியலை ஒரே கோவையாக எழுதி உருவாக்கும் முறை) இதே வேலையைச் செய்யும். அவற்றில் முடிவு முன்னால் வந்துவிடுவதால், மூன்று மட்டம் சேர்ந்தால் படிக்கக் கண் முன்னும் பின்னும் ஓட வேண்டும்.

இதுவரை பார்த்தது படிப்பதற்கு. ஆழத்தில் இருக்கும் ஒரே ஒரு பணியின் நிலையை மாற்றுவது வேறு கதை. தரவு மாறாதது என்பதால் அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு மட்டத்தையும் புதிதாகக் கட்ட வேண்டும். குளோஜரின் அப்டேட்-இன், அசோக்-இன் இரண்டுக்கும் பாதையையும் (எந்தெந்தச் சாவி வழியாகப் போவது என்ற பட்டியல்), மாற்றும் ஃபங்ஷனையோ புது மதிப்பையோ கொடுத்தால் போதும். ஆனால் சாவியில் எழுத்துப்பிழை விட்டால், அசோக்-இன் சத்தமில்லாமல் புதுச் சாவியை உருவாக்கிவிடும். ஆழத்தில் உள்ள ஒரு பகுதியைப் படிக்கவும் மாற்றவும் உதவும் நூலகங்களான ஹாஸ்கெலின் லென்ஸ், ஸ்காலாவின் மோனக்கிள் இப்படிப்பட்ட பிழையைக் கம்பைல் நேரத்திலேயே பிடிக்கும். அதற்கு விலை, லென்ஸ் நூலகத்தின் குறியீட்டுக் கூட்டமும் நீண்ட டைப் பிழைச் செய்திகளும். ஒரே ஒரு இடத்துக்காக இதை இழுத்துவர மாட்டேன். அதே பாதை கோட் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் தயங்கவும் மாட்டேன்.

அப்புறம், அடுக்கையே கலைத்துவிடும் வழியும் உண்டு: பணிகளை ஐடி வாரியாக ஒரு சாவி-மதிப்பு அகராதியில் வைத்து, குழுவில் ஐடிகளை மட்டும் வைப்பது. ஜாவாஸ்கிரிப்ட் செயலிகளின் நிலையை நிர்வகிக்கும் நூலகமான ரீடக்ஸின் ஆவணங்கள் பரிந்துரைப்பதும் இதைத்தான். மாற்றம் அடிக்கடி நடக்கும் தரவுக்கு என் முதல் தேர்வும் இதுவே. ஆனால் ஒரு குழுவை நீக்கினால் அதன் பணிகளை நாமே தேடி நீக்க வேண்டும். அடுக்காக இருந்தபோது அது தானாக நடந்தது.