ராக் கச்சேரிக்கு எது: கேப் டவுனா, சொவேட்டோவா?

டர்பனிலிருந்து ராக் கச்சேரிக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் இரண்டு அரங்கங்கள்தான்: கேப் டவுன் ஸ்டேடியம், ஜோஹன்னஸ்பர்க்கில் சொவேட்டோ பகுதியின் ஓரமாக இருக்கும் எஃப்என்பி ஸ்டேடியம். 2011 பிப்ரவரியில் அயர்லாந்தின் யூ2 ராக் குழு இரண்டிலும் பாடியது.

கேப் டவுன் அரங்கம் அழகு. கடலும் சிக்னல் ஹில் குன்றும் பக்கத்திலேயே. ஆனால் அது நிற்கும் கிரீன் பாயின்ட் ஜனங்கள் குடியிருக்கும் பகுதி. கட்டும்போதே அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூரையின் நடுப்பகுதி திறந்தே இருக்கிறது; பாஸ் என்கிற தாழ்ந்த அதிர்வொலி ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். கைக்குழந்தையும் வயசானவர்களும் இருக்கும் வீட்டில் அது பெரிய பாடு. அதனால் ஒலி அளவு, முடியும் நேரம் என்று அனுமதியில் கட்டுப்பாடு போடுவது நியாயம்தான்.

எஃப்என்பி இருப்பது நாஸ்ரெக் என்ற இடத்தில். சுற்றிலும் கண்காட்சி மைதானம், பழைய சுரங்க மண்மேடுகள், அகலச் சாலைகள். சுமார் 94,000 பேர் உட்காரலாம். கேப் டவுனில் ஏறக்குறைய 55,000தான். டர்பனிலிருந்து காரில் 570 கிலோமீட்டர் போல. கேப் டவுன் 1,600ஐத் தாண்டும். சொவேட்டோவுக்குப் பக்கத்தில் இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் தங்குமிடக் கவலையும் இல்லை.

பாதுகாப்பில் இரண்டுக்கும் ஒரே சட்டம்: விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஆபத்து அளவையும் போலீஸ்தான் தரம் பிரிக்கும்.

சத்தமான கச்சேரி என்றால் எஃப்என்பிக்கே போங்கள். கேப் டவுனுக்குப் போவதாக இருந்தால், முடிந்ததும் தெருவில் கத்தாமல் கலையுங்கள்.